விளைநிலத்தைக் காக்க அபிவிருத்தி உரிமை விற்பனை: தில்லிக் கிராமங்களின் நிலை

தில்லி ஆட்சிப் பகுதியின் மொத்தப் பரப்பு 1,483 சதுர கிலோமீட்டர். 1961-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்போது இப்பரப்பினுள் 300 கிராமங்கள் இருந்தன. 2001-இல் அவை 165 ஆயின. 2011-இல் 112 ஆகச் சுருங்கின. நாட்டுப்புறம் எனக் கணக்கில் ஏறிய நிலம் 1991-இல் ஏறத்தாழ 798 சதுர கிலோமீட்டராக இருந்தது. இருபதே ஆண்டுகளில் அது 369 ஆகக் குறைந்தது. கிராமங்கள் தரைமட்டமாகிவிட்டன என்பது இதன் பொருளன்று. முனிர்க்காவும் ஷாப்பூர் ஜாட்டும் இன்றும் பெயரளவில் ஊர்களே. பழைய குடும்பங்களும் பல அங்கேயே வாழ்கின்றன. ஊரைச் சூழ்ந்திருந்த வயல்கள்தாம் இல்லை.

இவ்வயல்கள் சாதாரண நிலங்கள் அல்ல. யமுனையின் புது வண்டல் படிந்த தாழ்நிலத்தைக் காதர் என்றும், ஆற்றுக்கு எட்டிய பழைய வண்டல் மேட்டைப் பாங்கர் என்றும் அவ்வட்டார மக்கள் அழைப்பர். கோதுமை, கடுகு, கம்பு, காய்கறி ஆகியவை இம்மண்ணில் நன்கு விளைகின்றன. ஆண்டுக்கு 700 மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமாகப் பெய்யும் மழையின் பெரும்பகுதி மூன்றே மாதங்களில் பெய்துவிடுகிறது. அந்நீர் நிலத்தடிக்கு இறங்குவதற்குத் திறந்த வயல் வேண்டும். ஓர் அங்குல மேல்மண் உருவாக நூற்றாண்டுகள் செல்லும் என்பது மண்ணியல் கற்பிக்கும் பாடம். செங்கல்லும் சிமெண்டும் அதன்மீது ஏறிவிட்டால் அந்நிலத்தை மீண்டும் ஏர் தொடுவது அரிது. வயல் மனையாவது எளிது. மனை வயலானதை எவரும் கண்டதில்லை.

சட்டம் இல்லாமையால் இவ்விழப்பு நேரவில்லை என்பதை முதலில் உணர்தல் வேண்டும். 1954-ஆம் ஆண்டுத் தில்லி நிலச் சீர்திருத்தச் சட்டத்தின் 81-ஆவது பிரிவு மிகக் கடுமையானது. உழவு, தோட்டப்பயிர், கால்நடை வளர்ப்பு முதலியவற்றுக்கல்லாமல் வேறு பயனுக்கு நிலத்தை ஈடுபடுத்தும் சொந்தக்காரர், நிலத்தையே இழக்க நேரும். அது கிராம சபையைச் சேரும். 1957-இல் தில்லி அபிவிருத்தி ஆணையம் தோன்றியது. அவ்வாணையத்தின் முதற் பெருந்திட்டம் 1962-இல் நடைமுறைக்கு வந்தபோது, நகரைச் சூழப் பசுமை வளையம் ஒன்றையும் வரைந்தது. 1990-இல் வந்த இரண்டாம் பெருந்திட்டம் நகர எல்லையை வெளியே தள்ளியது. துவாரகை, நரேலா முதலிய துணைநகரங்கள் அவ்விரிவுப் பகுதியில் எழுந்தன. 2007-இல் வந்த மூன்றாம் திட்டத்தில் பசுமை வளையம் என்பது, ஆட்சிப் பகுதியின் எல்லையை ஒட்டி ஒரு வருவாய்க் கிராமத்தின் அகலமே உடையதாக வரையறுக்கப்பட்டது. அதுவும் ‘கிடைக்கும் இடங்களில்’. அதற்கு அப்பால் தள்ளுவதற்குத் தில்லியில் நிலமில்லை. ஹரியானாவும் உத்தரப் பிரதேசமும் தொடங்கிவிடுகின்றன.

கோடு ஏன் நகர்ந்துகொண்டே போயிற்று என்பதைச் சிறு கணக்கொன்றால் விளக்கலாம். ஓர் ஏக்கரில் 20 குவிண்டால் கோதுமை விளைவதாகக் கொள்வோம். 2025-26 கொள்முதல் பருவத்துக்கு மத்திய அரசாங்கம் அறிவித்த ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2,425 ரூபாய். ஆகவே வரவு 48,500 ரூபாய். இரண்டாம் போகத்தையும் சேர்த்து, செலவு நீக்கி, ஆண்டுக்கு 60,000 ரூபாய் நிற்பதாகத் தாராளமாகவே வைத்துக்கொள்ளலாம். நூற்றுக்கு ஆறு வட்டி தரும் முதலீட்டோடு ஒப்பிட்டால், உழவு நிலமாக அந்த ஏக்கரின் மதிப்பு 10 லட்சம் ரூபாய். இனி அதே ஏக்கரை மனைகளாகப் பிரித்தால், 4,840 சதுர கஜத்தில் கால் பங்கைச் சந்துகளுக்கு விட்டதுபோக 3,630 கஜம் எஞ்சும். கஜம் ஒன்றுக்கு 10,000 ரூபாய் என்று மதிப்பிட்டாலும் கிடைப்பது 3 கோடியே 63 லட்சம். இவ்வெண்கள் விளக்கத்துக்காகக் கொண்டவை. ஊருக்கு ஊர் மாறும். எனினும் பத்துக்கும் முந்நூற்று அறுபதுக்கும் இடையேயுள்ள பள்ளம் எவ்வூரிலும் மறையாது. 2008 முதல் பல ஆண்டுகள் தில்லியில் விவசாய நிலத்துக்கு அரசாங்கம் வகுத்திருந்த வழிகாட்டி மதிப்பு ஏக்கருக்கு 53 லட்சம் ரூபாய் என்பதிலிருந்தே, அதைக் கோதுமை விலை நிர்ணயிக்கவில்லை என்பது தெளிவு.

இத்தகைய பள்ளத்தின் விளிம்பில் நிற்கும் உழவரிடம், ‘நீர் உழவே செய்க’ என்று சட்டம் மட்டும் சொன்னால் அது நெடுநாள் நிலைக்காது. பயிரிட்ட பெற்றோர் மறைந்தபின் பங்கு பிரியும், மகளின் திருமணம் வரும், கடன் வரும். தரகர் முன்னரே வந்து காத்திருப்பார். பதிவுத்தாளில் வயல் என்றே இருக்க, தரையில் தெரு அமையும்.

உரிமைகளின் கட்டு

இவ்விடத்தில்தான் அபிவிருத்தி உரிமை விற்பனை என்னும் முறை கவனத்துக்குரியதாகிறது. பெயர் புதிதாகத் தோன்றினும் கருத்து புதிதன்று. நிலத்தின் உடைமை என்பது ஒரே பொருள் அல்ல. பல உரிமைகளின் கட்டு. உழும் உரிமை, கிணறு வெட்டும் உரிமை, வேலியிடும் உரிமை, விற்கும் உரிமை, கட்டடம் எழுப்பும் உரிமை ஆகியவை அக்கட்டில் தனித்தனி இழைகள். ஓர் இழையை மட்டும் உருவி வேறொருவருக்குக் கொடுப்பதைத் தமிழ்நாட்டுக் கிராமங்கள் நெடுங்காலமாக அறியும். ஏரியின் நீர் ஆயக்கட்டுதாரருக்கு. அதே ஏரியின் மீன்பாசி ஏலத்தில் எடுத்தவருக்கு. 2-சி பட்டாவில் நிலம் சர்க்காருடையது. அதில் நிற்கும் மரத்தின் பலன் மட்டும் பட்டாதாரருக்கு உரியது. இவ்வாறே கட்டடம் எழுப்பும் உரிமையை மட்டும் பிரித்து விற்றுவிட்டு, நிலத்தையும் உழவையும் சொந்தக்காரர் தம்மிடமே வைத்துக்கொள்ளலாம். விற்றபின் அந்நிலத்தை அவர் உழலாம், குத்தகைக்கு விடலாம், பிள்ளைக்குக் கொடுக்கலாம், பிறருக்கு விற்கவும் செய்யலாம். வாங்குபவர் எவராயினும் அதில் குடியிருப்பு எழுப்ப முடியாது. அத்தடை ஆளைப் பற்றியதன்று, நிலத்தோடு செல்வது.

உரிமையின் விலை எவ்வாறு கணக்கிடப்படுகிறது? சந்தை விலையிலிருந்து உழவு மதிப்பைக் கழித்தால் எஞ்சுவதே அது. மேற்கூறிய எடுத்துக்காட்டில் 3 கோடியே 63 லட்சத்திலிருந்து 10 லட்சம் போக 3 கோடியே 53 லட்சம். மனை பிரிப்போரின் செலவும் ஆதாயமும் நீங்கினால் இது குறையும். உரிமையை விற்ற நிலம் பின்னர் உழவு மதிப்புக்கே கைமாறும். ஆகவே உழவு செய்ய விரும்பும் இளைஞர் ஒருவர் அதை வாங்கும் நிலையும் உண்டாகிறது. இம்முறையின் பயன்களுள் அதிகம் பேசப்படாதது இதுவே.

இவ்வுரிமையை வாங்குவோர் யார் என்பதைப் பொறுத்து முறைகள் இருவகைப்படும். முதல்வகையில் அரசாங்கமே வாங்கி, அதைப் பயன்படுத்தாமல் பூட்டி வைக்கிறது. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் நியூயார்க் நகருக்குக் கிழக்கே, லாங் தீவிலுள்ள சபக் மாவட்டம் இதில் வழிகாட்டி. உருளைக்கிழங்கு வயல்கள் மனைகளாவதைக் கண்டு அம்மாவட்டம் 1974-இல் இதற்கான சட்டத்தை இயற்றியது. 1977-இல் முதல் உரிமைகளை விலைகொடுத்து வாங்கிற்று. மேரிலாந்து, மாசச்சூசெட்ஸ் ஆகிய மாநிலங்கள் அப்பத்தாண்டிலேயே அதைப் பின்பற்றின.

இரண்டாம்வகையில் அரசாங்கத்தின் பணப்பெட்டி திறக்கப்படுவதில்லை. வயலில் கட்டாமல் விட்ட உரிமையை, நகருக்குள் கூடுதல் மாடி எழுப்ப விரும்பும் கட்டடக்காரர் உழவரிடமிருந்து வாங்குகிறார். உரிமை வயலிலிருந்து புறப்பட்டு நகரில் இறங்குகிறது. இதன் சிறந்த எடுத்துக்காட்டு, வாஷிங்டன் நகரை அடுத்த மாண்ட்கோமரி மாவட்டம். அங்கு 1980-இல் 93,000 ஏக்கர் நிலம் உழவுக் காப்பகமாக ஒதுக்கப்பட்டது. முன்பு 5 ஏக்கருக்கு ஒரு வீடு கட்டலாம் என்றிருந்த விதி, 25 ஏக்கருக்கு ஒரு வீடு என மாற்றப்பட்டது. ஆயினும் இழந்த உரிமை வீணாக விடப்படவில்லை. 5 ஏக்கருக்கு ஒன்று என்ற பழைய கணக்கிலேயே உரிமைச் சீட்டு வழங்கப்பட்டது. 100 ஏக்கர் உடைய உழவர் 20 உரிமைகளைப் பெறுவார்; 4 வீடுகளுக்கானவற்றை நிறுத்திக்கொண்டு 16-ஐ விற்கலாம். இவ்வழியில் 50,000 ஏக்கருக்கும் மேற்பட்ட நிலம் அங்கே நிலையாகக் காப்புப் பெற்றது. ஒரு தேசத்தின் தலைநகரை ஒட்டிய மாவட்டம் என்பதால் தில்லியோடு ஒப்பிடுவதற்கு அது மிகப் பொருத்தமானது.

இங்கிலாந்து மேற்கொண்ட வழி வேறு. 1947-ஆம் ஆண்டு நகர, கிராமத் திட்டச் சட்டத்தால் கட்டும் உரிமை முழுவதையும் அரசு ஒரே வீச்சில் தன்னுடையதாக்கிக்கொண்டது. அனுமதியால் ஏறும் மதிப்பு முழுவதையும் வரியாக வாங்கும் ஏற்பாடு 1950-களிலேயே கைவிடப்பட்டது. ஆனால் அனுமதியின்றி எவரும் கட்டலாகாது என்னும் அடிப்படை நிலைத்துவிட்டது. இலண்டனின் பசுமை வளையம் இன்றளவும் பெரிதும் நிற்பதற்கு அதுவே காரணம். தில்லியின் 1962-ஆம் ஆண்டுத் திட்டம் அந்த வளையத்தைப் பார்த்து வரைந்ததே. வளையத்தின் பின்னே நின்ற அமலாக்க வலிமையை மட்டும் அது பெறவில்லை.

நம் நாட்டு அனுபவம்

உரிமை மாற்று முறை இந்தியாவுக்குப் புதியதன்று. பம்பாய் மாநகரின் 1991-ஆம் ஆண்டு விதிகள், சாலைக்கும் பூங்காவுக்கும் நிலம் விட்டுக்கொடுப்போருக்குப் பணத்துக்குப் பதில் உரிமைச் சான்று வழங்க வகைசெய்தன. ஆனால் அது நகருக்குள் நிலம் பெறுவதற்கான கருவி. வயலைக் காக்கும் நோக்கம் அதற்கில்லை. கேரளம் 2008-இல் நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டத்தால் வயலைத் தூர்ப்பதைத் தடுத்தது. பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின், 2020-இல், வயலை வயலாக வைத்திருக்கும் சொந்தக்காரருக்கு ஹெக்டேருக்கு ஆண்டுதோறும் 2,000 ரூபாய் உரிமைத்தொகை வழங்கத் தொடங்கிற்று. தொகை சிறிது. எனினும் தடை மட்டும் போதாது, கைம்மாறும் வேண்டும் என்னும் கொள்கையை ஓர் இந்திய மாநிலம் ஏற்றது பெரிது. தமிழ்நாடு 2020-இல் காவிரிப் படுகையைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கியது. எண்ணெய், எரிவாயு அகழ்வும், உருக்காலை போன்ற சில தொழில்களும் அதனால் விலக்கப்பட்டன. வயலை மனையாக்குவது அச்சட்டத்தின் விலக்குப் பட்டியலில் இல்லை என்பதைக் களப்பணியாளர் நினைவிற் கொள்ளல் நன்று. பலர் இதைத் தவறாகப் புரிந்துகொண்டுள்ளனர்.

தில்லியில் இப்போது கிராமங்கள்தோறும் பேசப்படுவது வேறொரு முறை: நிலத் திரட்டு. 2013-இல் அறிவிக்கப்பட்டு 2018 அக்டோபரில் திருத்தப்பட்ட இக்கொள்கையின்படி, ஒரு வட்டத்திலுள்ள நிலத்தில் நூற்றுக்கு எழுபது பங்கு தொடர்ச்சியாகத் திரண்டால், சொந்தக்காரர்கள் ஒரு கூட்டமைப்பாகி 40 பங்கைச் சாலை, பூங்கா, நீர்க்குழாய் முதலியவற்றுக்கு விட்டு, 60 பங்கில் வீடும் கடையும் கட்டலாம். முன்பு அரசாங்கமே நிலத்தைக் கட்டாயமாக எடுத்துச் சொற்ப ஈடு கொடுத்த நிலையோடு ஒப்பிட்டால், ஆதாயத்தில் உழவருக்குப் பங்கு தருவதால் இது நியாயமானதே. ஆனால் இதையும் அபிவிருத்தி உரிமை விற்பனையையும் ஒன்றாகக் கருதிவிடலாகாது. நிலத் திரட்டில் உழவர் கட்டும் உரிமையைப் பெறுகிறார், வயலை இழக்கிறார். உரிமை விற்பனையில் கட்டும் உரிமையை இழக்கிறார், வயல் நிற்கிறது. ஒன்று மற்றொன்றின் தலைகீழ்.

எனினும் 2018-ஆம் ஆண்டுக் கொள்கையில் சிறிய விதியொன்று உண்டு. அனுமதிக்கப்பட்ட தளப்பரப்பில் பயன்படுத்தி முடித்தபின் எஞ்சுவதைப் பிறருக்கு விற்கலாம் என்பது அது. தளப்பரப்பு என்பது நிலத்திலிருந்து கழற்றி விற்கக்கூடிய சரக்கு என்று தில்லியின் திட்டமே ஒப்புக்கொண்டது இதனால் விளங்கும். கழற்றும் இடம் பசுமை வளையக் கிராமமாகவும், பூட்டும் இடம் மெட்ரோ ரயில் நிலையத்தின் அண்டையாகவும் இருக்குமாயின், மாண்ட்கோமரியின் முறை தில்லியில் உருப்பெற்றுவிடும். மெட்ரோ தடத்தை ஒட்டி உயரமான கட்டடங்களை ஊக்குவிக்கும் கொள்கை 2015-இலேயே வந்துள்ளது. இரு விதிகளும் ஒன்றையொன்று பார்க்காமல் தனித்தனிக் கோப்புகளில் இருக்கின்றன.

இடர்ப்பாடுகள்

அரசாங்கமே உரிமைகளை விலைக்கு வாங்கும் முதல்வகை தில்லிக்கு இனிப் பொருந்தாது. மேற்கண்ட எடுத்துக்காட்டு விலையில் 1,000 ஏக்கருக்கு, அதாவது ஏறத்தாழ 4 சதுர கிலோமீட்டருக்கு, 3,500 கோடி ரூபாய் தேவைப்படும். 369 சதுர கிலோமீட்டரில் அது ஒரு மூலை. விலை ஏறுமுன் வாங்கவேண்டிய சரக்கு இது. நகரம் வாசலுக்கு வந்தபின் வாங்கப் புகுவது, மழைநீர் வழிந்தோடியபின் மடையை அடைப்பது போன்றது. இரண்டாம் நிலை நகரங்களைச் சூழ்ந்த ஊர்களில் இன்னும் காலம் உண்டு.

எஞ்சியது உரிமை மாற்று. அதற்கும் தில்லியில் மூன்று முட்டுக்கட்டைகள் உள்ளன. ஒன்று சட்டத்தைப் பற்றியது. 81-ஆவது பிரிவு கட்டும் உரிமையை ஏற்கெனவே மறுத்துவிட்டதால், இல்லாத உரிமைக்கு விலை எதற்கு என்னும் வினா எழும். ஆனால் மாநகராட்சிச் சட்டத்தின் 507-ஆவது பிரிவின்படி கிராமம் நகர்ப்புறமாக அறிவிக்கப்பட்டவுடன் நிலச் சீர்திருத்தச் சட்டத்தின் பிடி நீங்கிவிடுகிறது. உச்ச நீதிமன்றமும் 2023 மார்ச்சில் இதை உறுதிசெய்தது. இன்று இல்லாத உரிமை நாளை ஓர் அறிவிக்கையால் முளைக்கும் என்று யாவரும் அறிவர். விலை அந்த நாளைய உரிமைக்குத்தான்.

இரண்டாவது, உழுபவரும் உடையவரும் ஒருவரல்லர் என்பது. உரிமையின் விலை பட்டாதாரரைச் சேரும். வாரத்துக்கும் குத்தகைக்கும் பயிரிடுபவருக்கு அதில் ஒரு காசும் இல்லை. வயல் நிலைப்பதால் அவருடைய பிழைப்பு நிலைக்கும் என்பது உண்மையே. ஆனால் குத்தகைதாரரை வெளியேற்றிவிட்டு உரிமையை விற்பதற்கு இடங்கொடாமல் விதி அமையவேண்டும். வேலி போட்டுப் புல்வெளி வளர்த்துப் ‘பண்ணை வீடு’ எனப் பெயரிடும் தென்தில்லி வழக்கமும் உண்டு. அங்கு நிலம் பசுமையாகத்தான் இருக்கிறது, உழவு இல்லை. எனவே கட்டாமை மட்டுமன்றிப் பயிரிடுதலும் ஒப்பந்தத்தில் இடம்பெறல் வேண்டும்.

மூன்றாவதே மிகக் கடியது. கூடுதல் தளத்தை விலைகொடுத்து வாங்க வேண்டுமாயின், அது வேறெங்கும் இலவசமாகக் கிடைக்கலாகாது. தில்லியில் அனுமதியின்றி எழுந்த குடியிருப்புகளுக்கு அவ்வப்போது அரசாங்கம் அங்கீகாரம் அளித்து வந்திருக்கிறது. 2019-இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் 1,731 குடியிருப்புகளின் மக்களுக்கு உடைமை உரிமை வழங்க வழிசெய்தது. இதைக் குறைகூறுவதற்கில்லை. பல லட்சம் ஏழை, நடுத்தர மக்கள் வேறு வழியின்றி அங்கே வீடு கட்டியவர்கள். சாக்கடையும் குடிநீரும் அவர்களுக்கும் வேண்டும். ஆயினும் விளைவைக் காணாமல் இருக்கவும் முடியாது. வயலில் கட்டிவிட்டுச் சில ஆண்டுகள் பொறுத்திருந்தால் உரிமை தானே வரும் என்னும் நம்பிக்கை நிலவும் ஊரில், உழவரின் உரிமைச் சீட்டை எந்தக் கட்டடக்காரர் காசுகொடுத்து வாங்குவார்? மாண்ட்கோமரியிலும், நகருக்குள் சீட்டை ஏற்கும் இடங்கள் குறைந்த காலங்களில் சீட்டின் விலை சரிந்தது. எளிய மக்களுக்கு மலிவான வாடகை வீடு நகருக்குள்ளேயே கிடைக்கச் செய்வதும் வயலைக் காக்கும் வேலையில் சேர்ந்ததே என்பது இதனால் புலப்படும்.

தில்லியின் நடுவிலேயே இன்னும் உழப்படும் நிலப்பரப்பு ஒன்று உண்டு. 1934-ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் பீகாரிலுள்ள பூசாவில் சிதைந்த விவசாய ஆராய்ச்சி நிலையம் 1936-இல் தில்லிக்கு மாற்றப்பட்டபோது, நகருக்கு மேற்கே ஏறத்தாழ 500 ஹெக்டேர் நிலம் அதற்கு ஒதுக்கப்பட்டது. நகரம் அதைச் சூழ்ந்து கடந்து பல கிலோமீட்டர் சென்றுவிட்டது. இந்திய விவசாய ஆராய்ச்சிக் கழகத்தின் கோதுமைப் பாத்திகள் அங்கேயே இருக்கின்றன. கட்டும் உரிமை தனியார் எவரிடமும் இல்லாத நிலம் அது.

களத்தில் செய்யத்தக்கவை

உரிமை விற்பனை எங்கு நடைபெறினும் அதன் உயிர் பதிவேட்டில் உள்ளது. விற்கப்பட்ட உரிமை வில்லங்கச் சான்றில் ஏறாவிட்டால், பத்தாண்டுகளில் அந்நிலம் ஒன்றுமறியாத ஒருவருக்கு மனையாக விற்கப்படும். தில்லிக் கிராமங்களில் பட்வாரி போகந்தோறும் வயல்களைப் பார்வையிட்டு எழுதும் கிர்தாவரியும், தமிழ்நாட்டில் கிராம அலுவலர் எழுதும் அடங்கலும் இவ்வகையில் விலைமதிப்பற்ற சான்றுகள். பயிரைப் பாராமல் சென்ற ஆண்டின் பதிவையே எடுத்தெழுதும் வழக்கம் இருக்குமிடத்தில் எந்த முறையும் பயன்படாது. லால் டோரா எனப்படும் ஊர் நத்தத்தின் எல்லைக்கல் எங்கே நிற்கிறது என்பதும் குறிக்கப்படல் வேண்டும். வயலுக்குள் வீடு நுழைவது பெரும்பாலும் அந்த எல்லையிலிருந்தே.

பள்ளியாசிரியர்கள் தம் ஊரின் பழைய புலப்படத்தைப் பெற்று, மாணவர்களைக் கொண்டு இன்றைய நிலையை அதன்மீது வண்ணமிட்டுக் காட்டச் செய்யலாம். எந்தச் சர்வே எண் எப்போது வயலாக இருந்தது, எப்போது கல் நட்டது, சாலையும் மின்கம்பமும் அதற்கு முன் வந்தனவா பின் வந்தனவா என்பவற்றைப் பெரியவர்களைக் கேட்டு ஆண்டோடு குறித்துக்கொண்டால் போதும். பெரும்பாலான ஊர்களில் கல் நடுவதற்கு முன்னரே அந்நிலம் இரண்டு மூன்று ஆண்டுகள் தரிசாகக் கிடந்திருப்பது தெரியவரும். அந்தத் தரிசு ஆண்டுகளே உரிமையை விலைபேசத்தக்க காலம். அடங்கலில் ‘தரிசு’ என்னும் சொல் முதன்முறை ஏறும்போதே அது வேளாண் அலுவலரின் கவனத்துக்குச் செல்லுதல் வேண்டும்.